கைப்பிடியும் அதன் காவல்களும்

சிறியதொரு தண்டவாள வண்டியைச் சொந்தமாகச் செய்ய முற்படுகிறவர், முதலில் சட்டத்தையும் சக்கரத்தையும் பற்றியும், அடுத்தபடியாக மோட்டாரையும் பற்றரியையும் பற்றியும் மிகுந்த சிரத்தையோடு ஆலோசிக்கிறார். ஆனால் ஓட்டுகிறவனுடைய கை நாள் முழுவதும் எதைப் பற்றிக்கொண்டிருக்கப் போகிறதோ அந்த ஓட்டுப்பிடியைப் பற்றிய சிந்தனை, வேலையெல்லாம் முடிந்து வர்ணம் பூசும் தறுவாயிலேதான் அவருக்கு உதயமாகிறது. அப்பொழுது பட்டறை மூலையில் கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிளின் முறுக்குபிடியோ, விவசாய யந்திரம் ஒன்றின் துருவேறிய நெம்போ கைக்கு அகப்பட, அதையே ஒட்டவைத்து வயரை இணைத்துவிடுகிறார். வண்டி ஓடுகிறது, ஓடுவது கண்டு எல்லோரும் மகிழ்கிறார்கள். ஓடவேண்டாத வேளையில் அது ஓடாமல் இருக்குமா என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு உருக்கினாலும் பித்தளையினாலும் விடை செய்துவைப்பது எவ்வாறு என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

மாந்தை மேற்கிலுள்ள பெரியமடு போன்றதோர் ஊரில் பட்டறை வைத்திருப்பவரை மனத்திற்கொண்டே இதை எழுதுகிறேன். குளத்தை நம்பிய வயல்களும், வயலை நம்பிய லாண்ட்மாஸ்டர்களும் உள்ள இடத்தில், கிளச்சும் பிறேக்கும் பற்சில்லும் அறியாத பட்டறைக்காரர் இருக்க முடியாது. அதே சமயம், நுண்ணிய மின்னணுப் பலகையொன்று பழுதாகுமானால் மாற்றுப் பலகைக்காக மன்னாருக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறவேண்டும், அங்கும் இல்லையென்றால் கொழும்புக்குச் சொல்லியனுப்பிக் காத்திருக்கவேண்டும் என்பதும் அவர் நன்கறிந்த விஷயமே. காத்திருக்கும் அந்த இடைவேளையில்தான் பழுதான காவலை ஒரு துண்டு வயரினால் தாண்டிவிட்டு வண்டியை ஓட்டும் விபரீத புத்தி எவருக்கும் தோன்றுகிறது. ஆகையால், உருக்கில் வெட்டி முடிக்கக்கூடிய காவல் எதையும் மின்னணுவிடம் ஒப்படைக்கலாகாது என்பதை இந்நூலின் கொள்கையாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய தொழிற்சாலைகளிலே இதற்கு நேர்மாறான கருத்து உண்டு. அவர்களுடைய களஞ்சிய அறையில் மாற்றுப் பாகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

நாம் எடுத்துக்கொள்ளும் வண்டி, 2 அடி அகலமுள்ள இலகுவான தண்டவாளத்தில், உப்பளத்திலோ மீன் இறங்குதுறையிலோ செங்கற்சூளை முற்றத்திலோ அரைத் தொன் பாரம் ஏற்றிச் செல்லும் நாற்சக்கர ட்ரொலியாகும். 24 வோல்ற் பற்றரித் தொகுதி, ஏறத்தாழ 1 கிலோவாற் மோட்டார், மணிக்கு 10 கிலோமீற்றர் உச்ச வேகம், சமதரையான பாதை என்பன அதன் இலட்சணங்கள். தன் சொந்தக் காணிக்குள் சொந்தப் பாதையில் ஓடுவதற்கே அது உரியது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை செல்லும் அரசாங்கப் பாதையோ 5 அடி 6 அங்குல அகலமுடையது. 1914 இல் இந்தியாவுடனான கப்பற் போக்குவரத்தோடு இணைந்து உயிர்பெற்று, 1990 இல் யுத்தத்தினால் நின்று, பின்னர் மடு வீதி வரையான 43 கிலோமீற்றர் 2013 இலும், அங்கிருந்து தலைமன்னார் வரையான 63 கிலோமீற்றர் 2015 மார்ச் 14 ஆம் திகதியிலும் மறுபடி திறக்கப்பட்டது. அகலத்தை மாற்றியமைத்தால் முருங்கனிலிருந்து மடு வீதிக்கு ஓட்டிப் பார்க்கலாமே என்ற ஆசை இளைஞர்களுக்கு எழுவது சகஜம். புகையிரதத் திணைக்களத்தின் அனுமதியும் அதன் உத்தியோகத்தர் ஒருவரின் பொறுப்பும் இல்லாமல் அப்பாதையில் எதையும் ஏற்றுவது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, வேகமாக வரும் கோச்சிக்கு அரைத் தொன் ட்ரொலி ஒரு பொருட்டே அன்று.

மணிக்கு 10 கிலோமீற்றர் என்பது மிகச் சொற்பமான வேகமாயிற்றே, இதற்கு இத்தனை காவலா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. அவ்வேகத்தில் வண்டி ஒரு செக்கனுக்கு 2.8 மீற்றர் செல்கிறது. ஓட்டுகிறவன் ஆபத்தைக் கண்டு கையை அசைக்க ஒரு செக்கன் ஆகிறதென்று கொண்டால் 2.8 மீற்றர் அங்கேயே போய்விடுகிறது. அதன்பின் செக்கனுக்குச் செக்கன் 1 மீற்றர் வீதம் வேகத்தைக் குறைக்கும் நல்ல பிறேக் இருந்தாலும் இன்னும் ஏறத்தாழ 4 மீற்றர் ஓடும். உருக்குத் தண்டவாளத்தின்மீது உருக்குச் சக்கரம் பெறும் பிடிமானம், தார்வீதியில் ரப்பர்ச் சக்கரம் பெறுவதிலும் பன்மடங்கு குறைவானது. விடியற்காலையில் உப்பு ஈரம் படிந்த தண்டவாளத்தில் அது மேலும் குறைகிறது. வேகத்தை இரட்டித்தால் பிறேக் தூரம் நான்கு மடங்காகும். பாரத்தோடு 800 கிலோ இருக்கும் வண்டி, பாதையில் குனிந்து வேலை செய்யும் ஒருவருடைய முதுகில் நடைவேகத்தில் மோதினாலும் எலும்பு முறியும்.

ரயில் உலகம் காவற்பூட்டு என்னும் தத்துவத்தைச் சாவகாசமாகவும் இரத்தம் சிந்தியுமே கற்றுக்கொண்டது. பாதை மாற்றும் நெம்பும் கைகாட்டி நெம்பும் ஒன்றுக்கொன்று முரணாக இயங்கமுடியாதபடி உருக்குப் பட்டைகளால் பிணைக்கும் அமைப்புக்கு ஜோன் சாக்ஸ்பி இங்கிலாந்தில் உரிமை பெற்றது 1856 இல். 1874 செப்டெம்பர் 10 ஆம் திகதி நொறிச் நகரருகே தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தியில் நேர்ந்த ஒரு குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். அதன் விளைவாகவே எட்வர்ட் டயர் என்பவர் 1878 இல் தமது தப்லெட் யந்திரத்தைச் சமைத்தார். இரு நிலையங்களிலுமுள்ள பெட்டிகள் கம்பியால் இணைக்கப்பட்டு, ஒரு பெட்டியிலிருந்து தப்லெட் என்னும் வில்லை ஒன்று வெளியே வந்துவிட்டால், அது ஏதாவதொரு பெட்டிக்குத் திரும்பும்வரை வேறு தப்லெட் எதுவும் வெளிவரமாட்டாது. தப்லெட் கையிலில்லாத சாரதி நிலையத்தை விட்டு நகரக்கூடாது. இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் வளையத்தோடு கூடிய தோற்பையில் தப்லெட்டை நிலைய அதிபர் நீட்ட, சாரதியின் உதவியாள் எட்டிப் பற்றும் காட்சியைக் கண்டவர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. மனிதனுடைய ஞாபகத்தையும் நல்லெண்ணத்தையும் நம்பாமல், ஒரு பொருளின் இருப்பையும் இன்மையையும் மட்டுமே நம்புகிற இந்த யுக்தியைத்தான் நாம் நமது ஓட்டுப்பிடிக்குள் சிறிய அளவில் கொண்டுவரப்போகிறோம்.

நமது ஓட்டுப்பிடி நான்கு காரியங்களை மறுக்கவேண்டும். நடுநிலையில் இல்லாதபோது வண்டியை உயிர்ப்பிக்க மறுக்கவேண்டும். மின்சாரம் மோட்டாருக்குச் செல்லும்போது திசை மாற்ற மறுக்கவேண்டும். பிடித்த கை விலகினால் ஓட மறுக்கவேண்டும். கைப்பிறேக் இறுகியிருக்கும்போது சக்தி கொடுக்க மறுக்கவேண்டும்.

முதலில் கையைப் பற்றிய காவலை எடுத்துக்கொள்வோம். ஓட்டுப்பிடியின் கழுத்தோடு ஒட்டினாற்போல், மோட்டார் சைக்கிளின் கிளச்சுப்பிடியை ஒத்த ஓர் அழுத்துபிடி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் வண்டி ஓடும், விட்டால் நிற்கும். காலால் மிதிக்கும் பெடலாக இதைச் செய்தால் கை ஓய்வாயிருக்குமே என்பார் உண்டு. அவர்கள் 2003 ஜனவரி 31 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வோட்டர்ஃபோல் என்னுமிடத்தில் நிகழ்ந்ததை அறிந்துகொள்வது நன்று. ஓடும் ரயிலில் சாரதிக்கு மாரடைப்பு வந்தது; உயிரற்ற கால்களின் பாரமே பெடலை அழுத்திக்கொண்டிருந்தபடியால், அது அவர் விழிப்போடிருப்பதாகவே எண்ணிக்கொண்டது. மணிக்கு 60 கிலோமீற்றருக்குரிய வளைவில் ரயில் ஏறத்தாழ 117 கிலோமீற்றர் வேகத்தில் பாய்ந்து கவிழ்ந்து, சாரதியோடு ஆறு பிரயாணிகளும் இறந்தனர். பாரத்தினால் ஏமாறக்கூடிய காவல் காவலாகாது. கை அப்படியன்று, மயங்குகிறவனுடைய விரல்கள் தளர்ந்து திறந்துவிடுகின்றன.

ஆனால் எல்லா மயக்கமும் தளர்ச்சியாக வருவதில்லை. வலிப்பு வந்தவனும், திடீரென்று அஞ்சியவனும், மின்சாரம் தாக்கியவனும் பிடித்ததை இன்னும் இறுகப் பிடிக்கிறார்கள். அதனால் அழுத்துபிடிக்கு மூன்று ஸ்தானங்கள் வேண்டும்: முற்றாக விட்டால் நிறுத்தம், நடு அழுத்தத்தில் ஓட்டம், எல்லை மீறி அழுத்தினால் மறுபடியும் நிறுத்தம். தொழிற்சாலை ரோபோக்களை இயக்கிப் பழக்குபவர்கள் கையில் வைத்திருக்கும் ஆளி இத்தகையதே. இதைச் செய்ய இரண்டாவது ஆளி தேவையில்லை; அழுத்துபிடியின் அடியிலுள்ள தகட்டில் ஒரு மேடும் அதையடுத்து ஒரு பள்ளமும் விட்டு, நடு ஸ்தானத்தில் மாத்திரம் மேடு ஆளியின் உருளையைத் தூக்கும்படி அரவிக்கொண்டால் போதும். மேட்டுக்கு அப்பாலுள்ள பள்ளத்துக்குப் போகச் சற்றுக் கடினமான இரண்டாவது ஸ்பிறிங் ஒன்று தடுக்கவேண்டும். இல்லாவிடில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வண்டி நின்றுகொண்டிருக்கும்.

முதல் ஸ்பிறிங்கின் வலிமையைத் தீர்மானிப்பதில் கருணை வேண்டும். 2 கிலோவுக்கு மேற்பட்ட விசையை ஒருவன் மணிக்கணக்காகப் பிடித்திருக்கமாட்டான். மத்தியானத்துக்குள் தென்னங்கயிற்றாலோ ரியூப் துண்டாலோ அதைக் கட்டிவிடுவான். அவனைக் கடிந்து பயனில்லை. கட்டும்படி தூண்டிய ஸ்பிறிங்கைச் செய்தவரையே கடியவேண்டும். கட்டிவைத்த பிடியை வண்டியே கண்டுகொள்ளும் உபாயமும் உண்டு. அதை மின்சுற்றைப் பற்றிப் பேசும்போது சொல்வேன்.

இனி இந்த அத்தியாயத்தின் இருதயமான இரு தகடுகளுக்கு வருவோம். டீசீ மோட்டார் முன்னோக்கிச் சுழன்றுகொண்டிருக்கும்போதே அதன் திசையை மாற்றினால், மோட்டார் தன் சொந்தச் சுழற்சியையே எதிர்த்துப் பெருமின்னோட்டத்தை இழுக்கிறது. பற்சில்லின் பற்கள் உடைகின்றன, சக்கரம் வழுக்குகிறது, வண்டியில் நிற்பவன் முன்னால் எறியப்படுகிறான். அதைத் தடுக்க, ஓட்டுப்பிடி வேறு, திசைச்சாவி வேறு என்று பிரித்து, ஒன்று மற்றொன்றின் அனுமதியின்றி அசையாதபடி பூட்டுகிறோம். பழைய டிராம் வண்டிகளின் ஓட்டுப்பெட்டிகளில் இந்த ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஓட்டுப்பிடியின் அச்சில் 50 மில்லிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தகடு ஒன்று. திசைச்சாவியின் அச்சில் அதே அளவுள்ள மற்றொன்று. இரண்டும் ஒரே தளத்தில், விளிம்புக்கும் விளிம்புக்கும் 20 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியில் துளையிட்ட உருக்குக் கட்டையொன்றைப் பொருத்தி, துளைக்குள் பித்தளைப் புஷ் இட்டு, 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள கறையில் உருக்கு முளை ஒன்று இரு தகடுகளுக்கிடையே முன்னும் பின்னும் வழுக்கும்படி வைக்கவேண்டும். ஓட்டுப்பிடித் தகட்டின் விளிம்பில், நடுநிலைக்கு நேராக, 6 மில்லிமீற்றர் ஆழமான ஒரேயொரு வெட்டுவாய். திசைச்சாவித் தகட்டில் முன்திசைக்கு நேராக ஒன்றும் பின்திசைக்கு நேராக ஒன்றுமாக இரண்டு வெட்டுவாய்கள். சாவியின் நடு ஸ்தானத்தில் வெட்டுவாய் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வெட்டுவாயின் பக்கங்களும் முளையின் முனைகளும் 45 பாகையில் சரிந்திருக்கும்.

முளையின் நீளம் எவ்வளவு? இடைவெளி 20, வெட்டுவாயின் ஆழம் 6. ஆக 26 மில்லிமீற்றர், அதில் 0.3 ஐக் கழித்து 25.7. இந்த நீளத்தில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முளை இடைவெளியைவிட நீளமானது. ஆகவே எந்தக் கணத்திலும் அது ஏதாவதொரு தகட்டின் வெட்டுவாய்க்குள் நுழைந்தே இருக்கவேண்டும். ஓட்டுப்பிடி நடுநிலையை விட்டு விலகியதும் அதன் விளிம்பு முளையைத் தள்ளித் திசைச்சாவியின் வெட்டுவாய்க்குள் புகுத்துகிறது, சாவி பூட்டப்படுகிறது. சாவியைத் திருப்பத் தொடங்கியதும் அதன் விளிம்பு முளையை மறுபக்கம் தள்ளி நடுநிலை வெட்டுவாயில் புகுத்துகிறது, ஓட்டுப்பிடி பூட்டப்படுகிறது. டயரின் தப்லெட் இரு நிலையங்களுக்கிடையே செய்ததை இம்முளை இரு தகடுகளுக்கிடையே செய்கிறது. திசைச்சாவியை அதன் நடு ஸ்தானத்தில் மட்டுமே உருவி எடுக்கும்படி சாவித்துளையை வெட்டிவிட்டால், சாவி சட்டைப் பையில் இருக்கும்போது ஓட்டுப்பிடி தானாகவே பூட்டுண்டு கிடக்கும். சிறுவன் ஒருவன் ஏறி அமர்ந்து எவ்வளவு இழுத்தாலும் அசையாது.

எவ்வளவு இழுத்தாலும் என்று சொன்னேன். அதையும் கணக்கிட்டே சொல்லவேண்டும். ஓட்டுப்பிடியின் நீளம் 300 மில்லிமீற்றர், தகட்டின் ஆரை 50. ஆகவே ஒருவன் 40 கிலோ விசையோடு இழுத்தால் தகட்டின் விளிம்பில் 240 கிலோ விசை வரும். பக்கச் சரிவு 45 பாகை ஆதலால் அதே அளவு விசை முளையின் நீளவாக்கிலும் பாய்ந்து எதிர்த்தகட்டின் விளிம்பை அழுத்தும். 10 மில்லிமீற்றர் உருக்கு முளைக்கு இது பெரிதன்று. ஆனால் 3 மில்லிமீற்றர்த் தகட்டின் விளிம்பு நசுங்கும். 8 மில்லிமீற்றருக்குக் குறையாத தகட்டை எடுத்துக்கொள்க. சரிவின்றி நேர்ச்சுவராக வெட்டினால் முளை வெளியேற மறுத்துச் சிக்கிக்கொள்ளும். முளையை 25 ஆகக் குறைத்துவிட்டால் பூட்டு தளர்ந்து, இரண்டும் சற்றே அசையும் சந்தர்ப்பம் உண்டாகும். இந்த ஒரு துண்டுக்கு மட்டும் மன்னாரிலுள்ள கடைசல் பட்டறைக்குப் போனாலும் தகும்.

ஓட்டுப்பிடியை நடுநிலைக்குத் திருப்பும் ஸ்பிறிங்குகள் இரண்டாக இருக்கட்டும். ஒன்று தனியாகவே அவ்வேலையைச் செய்யவல்லதாயிருக்கட்டும். இழுவிசை ஸ்பிறிங் உடைந்தால் வேலை அத்துடன் முடிந்தது. அழுத்து ஸ்பிறிங்கை ஒரு குழலுக்குள் அடைத்து வைத்தால், உடைந்த துண்டுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாதி வேலையையாவது செய்யும். ஆதலால் அழுத்து ஸ்பிறிங்கையே உபயோகிக்க.

மின்சுற்றுக்கு வருவோம். பற்றரியின் நேர்முனையிலிருந்து 5 அம்பியர் பியூஸ், சாவி ஆளி, காளான் தலையுடைய சிவப்பு நிறுத்தல் பொத்தான், கைப்பிறேக் முற்றாக விடுபட்டால் மட்டுமே மூடும் ஆளி ஆகிய யாவும் ஒரே தொடராக வரவேண்டும். எது திறந்தாலும், எந்த வயர் அறுந்தாலும் அதற்கப்பால் மின்சாரமில்லை. நிறுத்துவதற்கு மின்சாரம் தேவைப்படும் ஏற்பாடு எதுவும் இங்கே இடம்பெறலாகாது; ஓடுவதற்கே மின்சாரம் தேவை, அது இல்லாதபோது நிற்பதே வண்டியின் சுபாவமாயிருக்கவேண்டும்.

தொடரின் முடிவில் இரண்டு கிளைகள் பிரிகின்றன. முதற்கிளையில் ஆயத்த றிலே. அது விழித்தெழுவதற்கு மூன்று நிபந்தனைகள் ஒருங்கே கூடவேண்டும்: ஓட்டுப்பிடி நடுநிலையில் இருத்தல், அழுத்துபிடி முற்றாக விடப்பட்டிருத்தல், மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஆளியாகிய பிரதான கொன்ராக்டர் திறந்திருத்தல். எழுந்தபின் அது தன்னுடைய சொந்தத் தொடுகையாலேயே தன்னைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நடுநிலை ஆளியோ, நடு அழுத்தத்திலுள்ள அழுத்துபிடியோ இரண்டில் ஒன்றாவது மூடியிருக்கும்வரையே அப்பிடி நிலைக்கும். இரண்டாவது கிளையில், ஆயத்த றிலேயின் தொடுகையையும் அழுத்துபிடியின் தொடுகையையும் கடந்து, கொன்ராக்டரின் சுருளும், ஸ்பிறிங்கினால் இறுகி மின்காந்தத்தால் விடுபடும் பிறேக்கின் சுருளும் அருகருகே அமையும்.

இதன் பலனைச் சிந்தித்துப் பாருங்கள். ஓடும்போது கை விலகினால் கொன்ராக்டர் விழும், பிறேக் இறுகும், ஆயத்த றிலேயும் தூங்கிவிடும். பதற்றத்தில் மீண்டும் அழுத்துபிடியைப் பற்றினாலும் வண்டி பாய்ந்து கிளம்பாது. ஓட்டுப்பிடியை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கையை முற்றாக விட்டு, மறுபடி பிடித்தே புறப்படவேண்டும். அழுத்துபிடியை ஒருவன் கயிற்றால் கட்டிவைத்திருந்தால் இரண்டாவது நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. காலையில் சாவியைத் திருப்பும்போதே வண்டி மறுத்துவிடும். கொன்ராக்டரின் தொடுகை உருகி ஒட்டிக்கொண்டிருந்தால் மூன்றாவது நிபந்தனை தவறும். அந்த மூன்றாவது நிபந்தனைக்குரிய துணைத்தொடுகை, பிரதான தொடுகையோடு ஒரே தண்டில் பொறிமுறையாகப் பிணைக்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் வற்புறுத்திக் கேளுங்கள்.

கொன்ராக்டரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நீர்ப்பம்பிகளின் ஆரம்பிப்பெட்டியிலிருந்து கழற்றிய ஏசீ கொன்ராக்டர் எங்கும் மலிவாகக் கிடைக்கும். அதை டீசீ மின்னோட்டத்துக்கு உபயோகிக்காதீர்கள். ஏசீ மின்னோட்டம் தன் ஒவ்வோர் அலையிலும் இருமுறை பூச்சியமாவதால் தொடுகைகளுக்கிடையே எழும் தீப்பொறி தானே அணைகிறது. டீசீயில் அந்தச் சலுகை இல்லை, பொறி நீண்டெரிந்து தொடுகைகளை ஒட்டிவிடும். சுருளின் குறுக்கே வழக்கமாக இடும் டயோட்டும் ஒரு சிறு குறும்பு செய்கிறது: சுருளின் காந்தம் மறையும் நேரத்தை அது நீட்டிவிடுவதால் கொன்ராக்டர் திறப்பது தாமதிக்கிறது. டயோட்டோடு ஒரு செனரையும் எதிர்முகமாகத் தொடுத்தால் தாமதம் குறையும்.

எல்லா ஆளிகளும் நேர்முனைப் பக்கத்திலேயே இருக்கட்டும்; சுருள்களின் மறுமுனை நேராக எதிர்முனைக்குப் போகட்டும்; எதிர்முனையை வண்டிச் சட்டத்தோடு ஒரேயோர் இடத்தில் இணையுங்கள். அப்பொழுது தோலுரிந்த கட்டுப்பாட்டு வயர் எதுவாயினும் சட்டத்தைத் தொட்டால் பியூஸ் எரிந்து வண்டி நிற்கும். ஆளிகளை எதிர்முனைப் பக்கத்தில் வைத்தாலோ, அதே உரசல் ஆளியைத் தாண்டிச் சுருளை உயிர்ப்பித்து வண்டியை ஓட்டிவிடும். மோட்டார் வாகனங்களில் ஹோர்னுக்குச் சட்டத்தின் வழியாகத் தொடுகை கொடுத்துப் பழகியவர்கள் இதில் விசேஷ ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞைக்கு மின்சைக்கிள்களில் வரும் ஹோல் உணரியையே எடுத்துக்கொள்ளலாம். இதை மின்னணுவுக்கு விட்டுக்கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது பொய் சொன்னாலும் கொன்ராக்டர் கேளாது. நடுநிலை ஆளியை மட்டும் அந்த உணரியிடமிருந்து பெறாமல், தகட்டின் மேடு நேராகத் தள்ளித் திறக்கும் தனி ஆளியாக வையுங்கள்.

இவ்வளவையும் கவனமாகச் செய்தபின் எதிரியாக வருவது உப்புக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மன்னார்க் கரையில் மாதக்கணக்கில் மணலையும் உப்பையும் சேர்த்து வீசுகிறது. விடத்தல்தீவுப் பக்கத்துக் கடல்நீரேரியிலிருந்து உள்நாட்டுக்கும் அதன் சுவை எட்டுகிறது. அலுமினியப் பெட்டியில் கறையில் உருக்குத் திருகாணியைப் பூட்டினால், உப்பீரத்தில் இரு உலோகங்களும் ஒரு சிறு பற்றரியாகி, அலுமினியம் வெண்பொடியாக உதிரும். கனத்த பிளாஸ்ரிக் பெட்டி நல்லது. வயர்கள் பெட்டியின் அடியிலிருந்து, ஒரு வளைவு தொங்கவிட்டு, மேலேறி உள்ளே நுழையட்டும். நீர் வளைவிலேயே சொட்டிவிடும். அடித்தட்டில் ஒரு சிறு துளையும் விடுங்கள்: முற்றாக மூடிய பெட்டி பகலில் வெதும்பி இரவில் குளிர்ந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். செம்புக் கம்பி வெள்ளீயம் பூசியதாகவும், முனைகள் இறுக்கிப் பொருத்தப்பட்டனவாகவும் இருக்கட்டும். முளைக்கும் தகட்டுக்கும் தடித்த கிரீஸ் பூசுவது நன்மை போலத் தோன்றும் தீமை; மணல் கலந்த கிரீஸ் அரத்தின் வேலையைச் செய்யும். காரீயத்தூள் ஒரு சிட்டிகை போதும்.

பிறேக்கைப் பற்றி முந்திய அத்தியாயத்திலே விரிவாகச் சொல்லிவிட்டபடியால், இங்கே ஓட்டுப்பிடியோடு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். நடுநிலை என்பது நிறுத்தம் அன்று. 2024 பெப்ரவரி 25 ஆம் திகதி, இந்தியாவில் கத்துவா நிலையத்தில் சாரதி இறங்கிப்போன பின், 53 வண்டிகளைக் கொண்ட சரக்கு ரயில் ஒன்று சரிவிலே தானாக நகரத் தொடங்கி, ஆளின்றியே 70 கிலோமீற்றர் அளவுக்கு ஓடி, பஞ்சாபில் உச்சி பஸ்ஸி என்னுமிடத்தருகே மரக்கட்டைகளும் மணல்மூட்டைகளும் வைத்தே நிறுத்தப்பட்டது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. நமது ட்ரொலியில் மின்காந்தப் பிறேக்குக்கு அப்பால், திருகினால் இறுகும் கைப்பிறேக் ஒன்றும், சங்கிலியில் கோத்த மர ஆப்பு இரண்டும் இருத்தல் அவசியம். திசைச்சாவியை உருவுமுன் கைப்பிறேக்கை இறுக்கியே தீரவேண்டும்படி ஒரு தடுப்புத் தகட்டைச் சாவித்துளையின் மேல் வைத்து, கைப்பிறேக்கின் தண்டு அதை விலக்கும்படி செய்தல் கைத்திறனுள்ளவர்களுக்கு ஒரு மாலைநேர வேலை.

சோதனையைச் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்தே தொடங்குங்கள். வண்டி ஓடுகிறதா என்று பார்ப்பது சோதனையாகாது. ஒவ்வொரு கட்டுப்பாட்டு வயரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, சக்கரம் சுழலும்போது கழற்றினால் என்ன நேர்கிறது, கழற்றியபின் புறப்பட முயன்றால் என்ன நேர்கிறது என்று இரு முறையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தொடரிலுள்ள வயர்கள் சுழற்சியை உடனே நிறுத்தும்; ஆயத்த றிலேயை எழுப்பும் வயர்கள் அடுத்த புறப்பாட்டில்தான் தம் இன்மையைக் காட்டும். கழற்றியும் எவ்வித வித்தியாசமும் தெரியாத வயர் ஒன்று அகப்படுமானால், அங்கே இணைப்புத் தவறு இருக்கிறது. அதைக் காணாமல் வண்டியைத் தரையிறக்க வேண்டாம். அடுத்து, வெறும் வண்டியை நடைவேகத்தில் ஓட்டிக் கையை விடுங்கள். பின்பு மணல்மூட்டைகளால் அரைத் தொன் ஏற்றி, முழு வேகத்தில், ஈரத் தண்டவாளத்தில் கையை விட்டு, நிற்கும் தூரத்தை அளந்து, அந்த இலக்கத்தை ஓட்டுகிறவன் கண்ணிற் படும்படி தகட்டில் எழுதிப் பொருத்துங்கள். ஆட்களை ஏற்றிச் சோதிக்கவேண்டாம்.

மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து முளையைக் கையால் தள்ளிப் பார்க்கவேண்டும். அது தன் பாரத்திலேயே வழுக்காவிட்டால் உப்புப் படிந்துவிட்டது. மாரி முடிந்த தை மாதத்தில் புஷ்ஷைக் கழற்றிக் கழுவி, நடுநிலை ஆளியின் உருளை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சுற்றின் படத்தை நீர்புகாத உறையிலிட்டு மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால், பத்து வருஷத்துக்குப் பின் பெட்டியைத் திறக்கும் வேறொருவர் உங்களை நினைத்து நன்றி சொல்வார்.

திசைச்சாவி எத்தனை செய்வது என்று கேட்பார்கள். வண்டிக்கு ஒன்றுதான். தொலைந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில் மூன்று நான்கு சாவிகளை வெட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால், வண்டியைப் பழுது பார்க்க அடியிலே படுத்திருப்பவன் தன் பையிலுள்ள சாவியை நம்பிக்கொண்டிருக்க, மற்றொருவன் தன் சாவியைப் போட்டுத் திருப்புவான். தவிர்க்கமுடியாத இரண்டாவது சாவி ஒன்று வேண்டுமென்றால் அதை வண்டிச் சொந்தக்காரரின் வீட்டு அலுமாரியில், எடுத்த திகதியும் எடுத்தவர் பெயரும் எழுதுவதற்கு ஒரு கொப்பியோடு வைத்துப் பூட்டுக.